என் ஓரகத்தி வீட்டுக் குடோன்

என் ஓரகத்தி வீட்டில் கத்தரிக்கோல் கேட்டால் கத்தரிக்கோல் வரும். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்க்கலாம். முதலில் தேடல் தொடங்கும். அடுத்து, கடைசியாக எடுத்தது யார் என்ற விசாரணை. கட்டிலுக்கு அடியில் பார்க்க டார்ச் வேண்டும். டார்ச்சைத் தேடும்போது போன மழைக்காலத்தில் காணாமல்போன குடை கிடைக்கும், மூன்று திருப்புளி கிடைக்கும், ஒற்றைக் காலுறை கிடைக்கும். அதற்குள் கேட்டவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, டீயையும் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, எண்ணி, தட்டில் அடுக்கித் தருவது அவள் வேலை. உள்ளே போன கருவி அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் யார் வயிற்றுக்குள் என்று தேட வேண்டியிருக்கும். அந்தப் புத்தியோடு வீடு நடத்துகிறவள். கொழுந்தன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் அவளும், அந்தப் பளபளப்பான வீடும் மட்டும்தான்.

நான் பாத்திரக்கடைக்காரர் மகள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகப் பேசக் கற்றுக்கொள்வது 'கொஞ்சம் பாத்துக் குறைச்சுக்குங்க' என்பதைத்தான். பேரத்தில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. ஆனால் இந்த ஒருத்தி விஷயத்தில் ஒன்பது வருடமாக எனக்கு வயிறு எரிகிறது. அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிவது தெரியும். என் ஃப்ரிட்ஜிலும் விளக்கு உண்டு. அதைக் கடைசியாகப் பார்த்தது கடைக்காரன்தான். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், பேச்சே குறைவு. ஒருநாள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "அங்க போனா மூச்சு விட முடியுது" என்றார். வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர், அதில் ஒன்றை இதற்காகச் செலவழித்தார்.

இதையெல்லாம்கூட விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது சென்ற மாதம் வந்தது.

மகளுக்குப் பெரிய பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம். ஒரு சனிக்கிழமை காலை, கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள்.

"அம்மா, நாலு நாளா தேடினேனே, இது எங்க கிடைச்சுது தெரியுமா?"

"கிடைச்சுதுல்ல? சந்தோஷப்படு."

"ஐஸ்க்ரீம் செய்யற மெஷின் டப்பாக்குள்ள. நம்ம வீட்ல யாராவது ஒரு நாளாவது ஐஸ்க்ரீம் செஞ்சிருக்கோமா?"

"அது நல்ல மெஷின்டி. கைப்பிடி மட்டும்தான் இல்ல."

"மீன் இல்லாத மீன் தொட்டி. துணி காயப்போடற எக்ஸர்சைஸ் சைக்கிள். கால் ஊறப்போடற டப்பு, அதுல பழைய ரிமோட்டு. இந்த வீட்ல என் புத்தகத்துக்கு மட்டும்தான் எடம் இல்ல. நான் பரீட்சை முடியற வரைக்கும் சித்தி வீட்ல இருந்து படிக்கப் போறேன். கேட்டுட்டேன். சித்தி சரின்னுட்டாங்க."

மகள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறாள் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரமானது. என் பிள்ளைக்குச் சோறும் பால் டம்ளரும் அவள் கையில் போகும். பாஸ் ஆனால், 'சித்தி வீட்ல இருந்து படிச்சதால' என்று ஊரே சொல்லும். இரண்டு மாதத்தில் ஒழுங்கான வீட்டு ருசி கண்டவள் அதன்பிறகு இந்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பாள்?

"எப்ப போற?"

"நாளைக்கு."

"ஒரு மாசம் டைம் குடு. வீட்டை ஒழுங்கு பண்ணிடறேன்."

"ஒரு நாள்."

"பதினஞ்சு நாள்."

"அம்மா, பரீட்சை வருது. மூணு நாள்."

"பத்து. உன் அம்மா கேக்கறேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள ஒரு மேசை, ஒரு நாற்காலி. சுத்தி ஒண்ணுமே இருக்கக் கூடாது. இல்லைன்னா பையைத் தூக்கிடுவேன்."

எட்டு நாளுக்கு முடித்தோம். என் ரத்தம்தான் என்று அந்த வேதனையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அன்று மாலையே ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். எதிரியின் கடைக்கு வாடிக்கையாளர் மாதிரிப் போய்ச் சரக்கை விசாரிப்பது எங்கள் குடும்பத்தில் பழைய வழக்கம்.

"எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வச்சிருக்க?" என்றேன், வாயில் சர்க்கரையை அப்பிக்கொண்டு.

அவள் தயங்கவே இல்லை. மடைதிறந்தாற்போல் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலாசம் குடுத்துடணும் அக்கா. விலாசம் இல்லாதது தெருவுலதான் நிக்கும். வீட்டுக்குள்ள தெருன்னா எது? சாப்பாட்டு மேசை. அப்புறம் தபாலு, ரசீது, நோட்டீசு எல்லாத்தையும் வாங்கின எடத்துலயே நின்னு பிரிச்சிடுங்க. வாசக் கதவுகிட்டயே ஒரு குப்பைக்கூடை வச்சிருக்கேன் பாருங்க. கையில எடுத்துட்டு வந்து உக்காந்தோமோ, போச்சு. துணியைப் படுக்கப் போட்டு அடுக்காதீங்க. சின்னதா மடிச்சுப் புத்தகம் மாதிரி நிக்க வைங்க. அடியில இருக்கறதை உருவினா மேல இருக்கறது சரியாது."

"துடைக்கறது?"

"மேலருந்து கீழ. ஃபேன், அலமாரி, மேசை, கடைசியாத்தான் தரை. நிறைய பேரு தரையத் துடைச்சிட்டு அப்புறம் ஃபேனைத் துடைக்கறாங்க."

அந்த நிறைய பேரில் நானும் ஒருத்தி. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"டெய்லி சாயங்காலம் டீக்குத் தண்ணி வச்சு, அது கொதிக்கறதுக்குள்ள ஒரு சுத்து. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்லக்கா. எல்லாத்துக்கும் மேல, ஒரு பொருள் உள்ள வந்தா ஒரு பொருள் வெளிய போயிடணும்."

"வெளியன்னா எங்க?"

அவள் ஒரு நொடி நிறுத்தினாள். "போற எடத்துக்கு" என்று சொல்லிவிட்டு டீயை ஊற்றினாள்.

கிளம்பும்போது வாசலில், "அக்கா, இந்த ஃப்ளாஸ்க்கு ரெண்டு சும்மா கிடக்குது, உங்களுக்கு ஆகுமா?" என்று ஒரு பையை நீட்டினாள்.

"மூடி இருக்கா?"

"ஒண்ணுக்கு இருக்கு."

"பையும் எனக்குத்தானே?"

சிரித்துக்கொண்டே பையோடு கொடுத்தாள். இரண்டு ஃப்ளாஸ்க், ஒரு நல்ல துணிப்பை. போன காரியம் வயிற்றெரிச்சல் என்றாலும் வந்த சரக்கு லாபம்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சந்தேகம் தட்டியது. ரகசியத்தை இப்படிக் கூவிக் கொடுக்கிற வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. சொன்னதெல்லாம் கண்ணாடி அலமாரியில் வைக்கிற சரக்கு. அசல் சங்கதி உள்ளே இருக்கிறது. அப்பா கடையின் முன்பக்கத்தைப் பார்த்தால் ஒரு டம்ளர்கூடக் கோணலாக இருக்காது. பின்னால் குடோனில் நெளிந்த குண்டான், காது போன வாணலி, வைக்கோல், எலி. முன்பக்கம் அவ்வளவு அழகாக இருந்ததே பின்பக்கம் ஒன்று இருந்ததால்தான். அப்படியானால் இவளுக்கும் ஒரு குடோன் இருக்க வேண்டும். எங்கே?

இருந்தாலும் அவள் சொன்னதைச் செய்தும் பார்த்தேன். திங்கட்கிழமை விலாசம் கொடுக்கத் தொடங்கினேன். பாதி வேலையில் விலாசம் தீர்ந்துவிட்டது. என் வீட்டுப் பொருள்களுக்கு விலாசம் கொடுக்கப் பக்கத்து ஊரையும் சேர்த்து வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை துணிகளைப் புத்தகம்போல நிறுத்தினேன். அவை அன்று மாலையே குடிகாரர்கள்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. புதன்கிழமை வாசலில் குப்பைக்கூடை வைத்தேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஹெல்மெட் வைக்கத்தான் அது வந்திருக்கிறது என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை மேலிருந்து கீழ் துடைக்க ஸ்டூலில் ஏறியபோது, அலமாரி உச்சியில் இருந்த கால் ஊறப்போடும் டப்பு என்னைவிட வேகமாகக் கீழே வந்தது. வெள்ளிக்கிழமை மேசையைக் காலி செய்தேன். மேசையில் இருந்தது நாற்காலிக்குப் போனது. நாற்காலியில் இருந்தது கட்டிலுக்கு. படுக்கும் நேரத்தில் கட்டிலில் இருந்தது மேசைக்கு.

மகள் அறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "இன்னும் ரெண்டு நாள்தான்மா இருக்கு" என்றாள். குரலில் கேலி இல்லை, பாவம் பார்க்கிற மாதிரி இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை மறுபடி ஓரகத்தி வீட்டில் நின்றேன். இந்தத் தடவை வாடிக்கையாளராக அல்ல, திருடியாக. உட்காரச் சொல்லிவிட்டு, "பால் தீந்துடுச்சு அக்கா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று அவள் படியிறங்கினாள். கதவு மூடிய மறு நிமிடம் எழுந்தேன்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தரை தெரிந்தது, அதில் என் முகம் தெரிந்தது. பரணில் இரண்டு பெட்டி, பக்கத்தில் காற்று. அடுப்படியின் கீழ் அலமாரியில் குண்டான்கள் அளவுப்படி அமர்ந்திருந்தன, மூடிகள் தனியாக வரிசையில் நின்றன. பாத்திரக்கடையில் பிறந்த நானே அப்படி ஒரு அடுக்கைப் பார்த்ததில்லை. கண் உறுத்தியது.

சின்ன அறைக்குள் போனேன். ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் புதிய விளக்கு ஒன்று, பேனா போட ஒரு குவளை, அதில் சீவிய பென்சில் ஆறு. நாற்காலியில் புது மெத்தை. மகளுக்காகத் தயாராக இருந்தது. அந்த மெத்தையில் ஒரு குத்து விட்டேன். ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் குத்தினேன்.

கடைசியாக வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒல்லியான அலமாரியைத் திறந்தேன். கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குள் ஒரே ஒரு பை. ஆஸ்பத்திரித் தட்டில் கட்டுவதுபோல அதன் காதில் ஒரு சீட்டு. அழகான எழுத்தில், 'அக்காவுக்கு'.

உள்ளே: பழைய மேசை விளக்கு, விளிம்பு உடைந்த பேனாக் குவளை, அமுங்கிப்போன ஒரு நாற்காலி மெத்தை.

புதிது மூன்று உள்ளே வந்திருக்கிறது. பழையது மூன்று வெளியே போகிறது. போகிற இடம்...

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐஸ்க்ரீம் மெஷின் யார் கொடுத்தது? இவள். மீன் தொட்டி? இவள். கால் ஊறப்போடும் டப்பு, கேக் அச்சு பதினொன்று, கண்ணாடி இல்லாத போட்டோ சட்டங்கள், போன வாரத்து ஃப்ளாஸ்க்? எக்ஸர்சைஸ் சைக்கிளை வாங்கிய அன்று, வண்டி வாடகையையும் இவள் தலையிலேயே கட்டிவிட்டு, ஜெயித்த களிப்பில் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். ஒன்பது வருடம் ஒவ்வொரு பேரத்திலும் ஜெயித்திருக்கிறேன். ஜெயித்து ஜெயித்து என் மகளுக்கு ஒரு மேசை இல்லாமல் செய்திருக்கிறேன்.

கதவு திறந்தது. பால் பாக்கெட்டோடு நின்றாள்.

"அக்கா? என்ன தேடறீங்க?"

"உன் குடோனை."

"குடோனா?"

"கண்டுபிடிச்சிட்டேன். ரெண்டு தெரு தள்ளி இருக்கு. நான்தான் அதுக்கு வாட்ச்மேன்."

அவள் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்தது. மறுப்பாள் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. ஆனால் பணியவும் இல்லை.

"ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லியிருக்கீங்களாக்கா? மீன் தொட்டி குடுத்தப்ப, மீன் எங்கன்னு கேட்டீங்க."

"சும்மா வர்றதை எப்படிடி வேணாம்னு சொல்றது? எனக்கு அந்த வார்த்தையே வாயில வராது."

"எனக்குத் தூக்கிப் போட கை வராது." பாலை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில ஒரு கிளிப்பு குறைஞ்சாலும் எல்லாரும் அப்படியே நின்னுடுவோம். அந்தப் பழக்கம். வீட்ல ஒரு உடைஞ்ச கப்பைக் குப்பையில போட்டாலும் அன்னைக்கெல்லாம் எதையோ எண்ணாம விட்ட மாதிரி இருக்கும். உங்க வீட்ல இருந்தா, போகலை, இருக்குன்னு ஒரு நிம்மதி."

"உனக்கு நிம்மதி. எனக்கு மக போறா."

அவள் சின்ன அறைப் பக்கம் பார்த்தாள். "ரெண்டு மாசம்தானேக்கா" என்றாள். லேசாக, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒரு பொருளை மனசுக்குள் வாங்கிவிட்டு, 'சும்மாதான் பாத்தேன்' என்று கடையை விட்டு இறங்குகிற வாடிக்கையாளர் குரல். ஆறு பென்சிலையும் அவள் எப்போது உட்கார்ந்து சீவியிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று இத்தனை வருடம் இருந்துவிட்டேனே என்றும் தோன்றியது.

அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"நாளைக்குக் காலையில வா. உன் சரக்கை நீ வந்து எடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அறை நடுவில் நின்றாள். மகள் அன்று மட்டும் வைத்த ஸ்பெஷல் டியூஷனுக்குப் போயிருந்தாள், மதியம்தான் வருவாள். அவள் பை கட்டி வாசலில் இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மீன் தொட்டியைத் தூக்குவாள், துடைப்பாள், திரும்ப வைப்பாள். நான் என் அப்பா கடை அண்டாவைத் தூக்குவேன், தட்டிப் பார்ப்பேன், சத்தம் நன்றாக இருக்கிறது என்று திரும்ப வைப்பேன். தெருமுனையில் பழைய சாமான் வண்டிக்காரரின் மணிச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர், எக்ஸர்சைஸ் சைக்கிளில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வருடத்தின் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார்.

"மாத்திக்குங்களேன்."

"எதை?"

அவர் மீன் தொட்டியைக் காட்டி என்னைக் காட்டினார். அண்டாவைக் காட்டி அவளைக் காட்டினார். எழுந்து சைக்கிளைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவ்வளவுதான் சூட்சுமம். வீடு ஒழுங்கு செய்ய இதைவிட நல்ல யோசனையை நான் இன்றுவரை கேட்டதில்லை. அவள் பொருளை நான் தூக்கினேன். என் பொருளை அவள் தூக்கினாள். அடுத்தவர் ஓட்டை உடைசல்மேல் யாருக்குப் பாசம் வரும்? ஐஸ்க்ரீம் மெஷின் போனது, தொட்டி போனது, பதினொரு கேக் அச்சும் சலசலவென்று போயின. அவள் என் மூடியில்லாத டப்பா முப்பதையும், டப்பாவில்லாத மூடி நாற்பதையும் அள்ளிக்கொண்டு போனபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொட்டி வாசலைத் தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இடையில் ஏழு கத்தரிக்கோல் அகப்பட்டன. ஒன்றை மட்டும் மேசை இழுப்பறையில் வைத்து, "இதுதான் இதோட விலாசம்" என்றாள்.

பிறகு மேலிருந்து கீழாகத் துடைத்தோம்.

மகள் வந்தாள். வாசலில் இருந்த பையை எடுக்கக் குனிந்தவள், அறைக்குள் பார்வை போனதும் அப்படியே நிமிர்ந்தாள்.

"இந்த மேசை ஏது?"

"இங்கதான் இருந்துச்சு" என்றேன்.

உள்ளே போனாள். நாற்காலியை இழுத்தாள், அது எதிலும் இடிக்கவில்லை. உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறந்தாள், கத்தரிக்கோலை எடுத்து, காற்றில் இரண்டு தரம் வெட்டிப் பார்த்தாள்.

"சித்தி வந்து செஞ்சாங்களா?"

சுருக்கென்றது. முதுகு ஒடிந்தது எனக்கு, பெயர் அவளுக்கா? வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி, "என் சாமானைத் தூக்கிப் போட்டது உங்க அம்மாதான். எனக்கு அந்தத் தைரியம் இல்ல" என்றாள்.

மகள் பையைப் பிரித்துப் புத்தகங்களை மேசைமேல் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். "பாக்கறேன். மறுபடியும் ஒரு மீன் தொட்டி வந்துச்சுன்னா கிளம்பிடுவேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். பேரம் படிந்துவிட்டது.

"அக்கா, புது விளக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், அவளுக்குன்னுதான். கொண்டு வந்து குடுத்துடறேன்" என்றாள் ஓரகத்தி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு.

புது விளக்கு. சும்மா.

"வேணாம்" என்றேன்.

சொன்னது நான்தானா என்று இருவருமே ஒருமுறை யோசித்தோம். அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். மேசையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்த என் மகளின் காலைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக அவள் ஃப்ரிட்ஜைப் பார்க்கும்போது என் முகத்தில் இருந்தது என்னவோ, அது அவள் முகத்தில் இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன். வரவில்லை.

"விளக்கு அங்கயே இருக்கட்டும்" என்றேன். "ஞாயித்துக்கிழமைல அவளை அனுப்பறேன், அங்க உக்காந்து படிக்கட்டும். ஆனா சாயங்காலம் திருப்பி அனுப்பிடணும். எதையும் வீட்ல வச்சுக்கற பழக்கம்தான் உனக்குக் கிடையாதே."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு படி இறங்கினாள், நின்றாள், திரும்பினாள்.

"எத்தனை மணிக்கு அனுப்புவீங்க?"

"ரெண்டு."

"பத்து."

"ஒண்ணு. அதுக்கு மேல கேக்காத."

"பதினொண்ணு அக்கா. சாப்பாடு என் பொறுப்பு."

"பன்னெண்டு. போ."

கையை வீசிக்கொண்டு போனாள். நல்ல விலைக்குத்தான் முடித்திருக்கிறோம் என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் என்றேனே தவிர, எத்தனை மணி என்று நான் பேசவே இல்லை.